கொக்கியை மழுக்காத படங்கள்

1901ஆம் ஆண்டுக் கோடையில், இங்கிலாந்தின் சர்ரே பகுதியில், பைன் மரங்கள் சூழ்ந்த பிளாக் லேக் என்னும் சிறிய ஏரியின் கரையில், 41 வயது எழுத்தாளர் ஒருவர் மூன்று சிறுவர்களோடு சேர்ந்து கடற்கொள்ளையர் விளையாட்டு விளையாடினார். சிறுவர்களில் மூத்தவன் ஜார்ஜுக்கு 8 வயது, ஜாக்குக்கு 6, பீட்டருக்கு 4. ஏரி கடலாயிற்று, மரங்கள் அடர்ந்த கரை ஆளில்லாத் தீவாயிற்று, கொள்ளையர் தலைவனாக எழுத்தாளரே வேடம் ஏற்றார். அவருடைய செயின்ட் பெர்னார்டு நாய் போர்தோஸ், முகமூடி மாட்டிக்கொண்டு புலியாக நடித்தது. விளையாட்டின் நடுவே அவர் புகைப்படங்களும் எடுத்துக்கொண்டே இருந்தார். கோடை முடிந்ததும் அந்தப் படங்களைக் கோத்து, பிளாக் லேக் தீவில் கரையொதுங்கிய சிறுவர்களின் பயங்கர அனுபவங்கள் என்ற பொருள்படத் தலைப்பிட்டு, ஒரு புத்தகமாகக் கட்டினார்.

அச்சானவை இரண்டே பிரதிகள். ஆசிரியர் என்ற இடத்தில் 4 வயதுப் பீட்டரின் பெயர் இருந்தது. முன்னுரை உண்டு, அத்தியாயத் தலைப்புகள் உண்டு, படங்களும் படங்களுக்குக் கீழே விளக்கங்களும் உண்டு. கதை மட்டும் எழுதப்படவே இல்லை. ஒரு பிரதியைச் சிறுவர்களின் தந்தையிடம் கொடுத்தார். அவர் அதை வாங்கிய கையோடு ரயிலில் தொலைத்துவிட்டார். எஞ்சிய பிரதி இன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பைனகி நூலகத்தில் இருக்கிறது. எழுத்தாளரின் பெயர் ஜே. எம். பேரி. அந்தப் படப் புத்தகத்தில் ஸ்வார்த்தி என்ற பெயரோடு திரிந்த கொள்ளையர் தலைவன், மூன்று ஆண்டுகள் கழித்து, வளர மறுக்கும் சிறுவன் ஒருவனைப் பற்றிய 'பீட்டர் பேன்' நாடகத்தில், வலது கைக்குப் பதிலாக இரும்புக் கொக்கியோடு மேடையேறினான். கேப்டன் ஹூக்கை உலகம் அப்படித்தான் முதன்முதலில் பார்த்தது.

குழந்தைகளுக்கான மாயக்கதைகளில் கடற்கொள்ளையர் வருவதைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக எனக்கு ஓர் எண்ணம் உண்டு. அதற்கு இந்தத் தொடக்கத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. பெரியவர் ஒருவர் குழந்தைகளை மகிழ்விப்பதற்காகத் தன்னையே அச்சுறுத்தும் ஆளாக ஆக்கிக்கொண்டார். சிறுவர்கள் அவரை உண்மையாகவே துரத்தினார்கள், அவரும் உண்மையாகவே மிரட்டினார். நாடகம் நூலாக வெளிவந்த 1928இல், அந்தச் சகோதரர்களுக்கு எழுதிய நீண்ட சமர்ப்பண உரையில், கொள்ளையர் தலைவனோடு நீங்கள் பலமுறை மல்லுக்கட்டியும் அவனுடைய வலது கையை உங்களால் வெட்ட முடியவில்லையே என்று பேரி நினைவுகூர்கிறார். அந்த அச்சம் உண்மையாக இருந்ததனால்தான் இந்தக் கதை நூறாண்டு தாண்டியும் நிற்கிறது என்று நான் நம்புகிறேன். படம் வரைந்தவர்களில் இதைப் புரிந்துகொண்டவர்கள் கதையைக் காப்பாற்றினார்கள். புரிந்துகொள்ளாதவர்கள் அதை வெறும் மிட்டாய்ப் பொட்டலமாக்கினார்கள்.

நாடகம் 1904 டிசம்பர் 27 அன்று லண்டனின் டியூக் ஆஃப் யார்க் அரங்கில் முதன்முறையாக நடந்தது. ஹூக்காக நடித்தவர் ஜெரால்ட் டு மாரியே. அவர் அந்தச் சிறுவர்களின் தாய்மாமன். நாடகத்தின் தொடக்கத்தில் வீட்டுக் கணக்கையும் கழுத்துப் பட்டையையும் கட்டிக்கொண்டு மல்லாடும் அப்பா திரு. டார்லிங்காகவும் அவரே நடித்தார். மருந்து குடிக்கப் பயந்து பிள்ளைகளை ஏமாற்றுகிற அந்த அப்பாவின் உடம்பிலிருந்தே, பிறகு, கதை நடக்கும் மாயத்தீவின் மிகக் கொடிய மனிதன் எழுந்து வந்தான். அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1953இல் வந்த டிஸ்னி திரைப்படத்திலும் இருவருக்கும் ஒரே நடிகர்தான் குரல் கொடுத்தார். டு மாரியேயின் மகள், நாவலாசிரியை டாஃப்னி, தந்தையைப் பற்றி எழுதிய நூலில், அந்த முதல் ஆண்டுகளில் ஹூக் மேடைக்கு வந்ததும் குழந்தைகள் வீறிட்டழ, அவர்களைத் தூக்கிக்கொண்டு வெளியே போக வேண்டியிருந்தது என்றும், 12 வயதுப் பையன்கள்கூட அம்மாவின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்கள் என்றும் பதிவு செய்திருக்கிறார். அப்படி அழுத குழந்தைகள் இருந்தும், அரங்கு ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் காலத்தில் நிறைந்து வழிந்தது.

1911இல் பேரி இதே கதையை 'பீட்டரும் வெண்டியும்' என்ற நாவலாக எழுதினார். படங்கள் எஃப். டி. பெட்ஃபோர்டுடையவை. நூல் கிடைத்தால் முதலில் படங்களின் தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள் என்பேன். குளத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது பாறைமேல் தனியாக நிற்கும் பீட்டர், சாவதும் ஒரு மகத்தான சாகசமாகத்தான் இருக்கும் என்று எண்ணும் கணம் ஒரு படம். கொள்ளையர்கள் சிறுவர்களைப் பிடித்து, சரக்கு மூட்டைகளைப் போல ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு வீசும் கணம் ஒரு படம். இவன் எனக்கு என்று பீட்டர் ஹூக்கின் முன்னே வந்து நிற்கும் கணம் ஒரு படம். கறுப்பு வெள்ளையில் அச்சான இவை எவையும் வேடிக்கைக்காகப் பொறுக்கி எடுத்த கணங்கள் அல்ல. பெட்ஃபோர்டு கதையின் மிக ஆபத்தான இடங்களையே தேடிப் போயிருக்கிறார்.

இதற்கு முன்பே, 1906இல், ஆர்தர் ராக்கம் வரைந்த ஒரு பீட்டர் பேன் நூல் வந்திருந்தது. அழகில் அதற்கு ஈடு சொல்வது கடினம். ஆனால் அது கென்சிங்டன் பூங்காவில் நடக்கும் முந்தைய கதை. அதில் ஹூக்கின் மாயத்தீவும் இல்லை, கப்பலும் இல்லை, கொள்ளையர்களும் இல்லை. முறுக்கிக்கொண்ட வேர்களையும் மெல்லிய தேவதைகளையும் அப்படி வரையத் தெரிந்த ஒருவர் ஹூக்கை வரைந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

கடற்கொள்ளையன் என்றதும் நம் மனத்தில் வந்து நிற்கும் உருவமே ஓவியர்கள் தந்த கொடைதான் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தலையில் கட்டிய துணி, இடுப்பைச் சுற்றிய அகலமான சிவப்புக் கச்சை, காதில் பெரிய வளையம் ஆகியவற்றை ஓர் உருவமாக்கி நிலைநிறுத்தியதில் பெரும்பங்கு அமெரிக்க ஓவியர் ஹாவர்ட் பைலுக்கு உரியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்ப்பர்ஸ் இதழுக்கு வரைந்த படங்களில், ஸ்பானிய நாட்டுப்புற உடைகளின் சாயலை எடுத்துக் கொள்ளையர்களுக்கு மாட்டிவிட்டவர் அவர். உண்மையான கொள்ளையர்கள் பெரும்பாலும் மற்ற மாலுமிகளைப் போலத்தான் உடுத்தினார்கள். கைதியைப் பலகைமேல் நடக்கவிட்டுக் கடலில் தள்ளுவதும் வரலாற்றில் மிக அரிது. கதைகளும் படங்களும்தான் அதை அன்றாட வழக்கம் போல ஆக்கின. பைலின் மாணவர் என். சி. வயெத், 1911இல், அதாவது பெட்ஃபோர்டின் படங்கள் வந்த அதே ஆண்டில், ஸ்டீவன்சனின் 'புதையல் தீவு' நாவலுக்குப் படம் வரைந்தார். நிலவொளியில் விடுதிக்கு வெளியே, கிழிந்த மேலங்கி பறக்க, கோலால் தரையைத் தட்டிக்கொண்டு குருட்டுப் பியூ வரும் ஓவியத்தை ஒருமுறை பார்த்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். பக்கத்தில் உதவிக்கு வேறு யாரும் வரையப்படவில்லை. பார்க்கும் குழந்தை அந்தக் கிழவனோடு தனியாக நிற்கிறது.

ஸ்டீவன்சனின் தீவிலிருந்து பேரியின் தீவுக்கு நேரடியாகவே ஒரு வழி இருக்கிறது. 'புதையல் தீவு' நாவலின் கொள்ளையன் லாங் ஜான் சில்வரே அஞ்சிய ஒரே மனிதன் ஹூக் என்று பேரி எழுதுகிறார். 1718இல் வட கரோலினாக் கடற்கரையில் கொல்லப்பட்ட உண்மையான கொள்ளையன் பிளாக்பியர்டின் கப்பலில் ஹூக் வேலை பார்த்தான் என்றும் சொல்கிறார். கற்பனைப் பாத்திரமும் வரலாற்று மனிதனும் அவனுக்கு ஒரே ஊர்க்காரர்கள்! ஹூக்கின் கப்பல் நங்கூரமிட்டு நிற்கும் ஓடைக்குக் கிட் ஓடை என்று பெயர். அந்தக் கேப்டன் கிட், 1698 ஜனவரியில் நம் மலபார்க் கரையில், கொச்சிக்கு அருகே, 'கெடா மெர்ச்சன்ட்' என்ற சரக்குக் கப்பலைப் பிடித்ததற்காகவும் குற்றம் சாட்டப்பட்டு, 1701இல் லண்டனில் தூக்கிலிடப்பட்டவன். மாயத்தீவின் வரைபடத்துக்குள் இப்படி நமக்குத் தெரிந்த ஒரு கடலும் மெல்ல நுழைந்துவிடுகிறது.

என் மகளுக்கு இந்த நாவலை இரவு நேரங்களில் தமிழில் சொல்லிச் சொல்லித்தான் படித்துக் காட்டினேன். வாக்கியத்தை ஒருமுறை மனத்துக்குள் படித்து, பிறகு வாய்விட்டுத் தமிழில் சொல்வேன். ஐந்தாம் அத்தியாயத்தில் ஹூக் அறிமுகமாகிறான். தன் சரிகைக் கழுத்துப் பட்டையைக் கலைத்துவிட்டான் என்ற ஒரே காரணத்துக்காக ஸ்கைலைட்ஸ் என்ற சொந்த ஆளையே கொக்கியால் கிழிக்கிறான். பிணம் ஓரமாக உதைத்துத் தள்ளப்படுகிறது, கொள்ளையர்கள் நடந்துகொண்டே இருக்கிறார்கள். வாயிலிருந்த சுருட்டைக்கூட ஹூக் எடுக்கவில்லை. அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடலாமா என்று ஒரு கணம் தயங்கினேன். பிறகு முழுவதையும் சொன்னேன். மகள் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டாள், ஆனால் "போதும்" என்று சொல்லவில்லை. அதே அத்தியாயத்தில் ஹூக் ஒரு பெரிய காளான்மேல் உட்கார்ந்து தன் கையாள் ஸ்மீயோடு பேசிக்கொண்டிருக்கும்போது உட்கார்ந்த இடம் சுடுகிறது. அது சிறுவர்களின் நிலத்தடி வீட்டுப் புகைபோக்கிக்குப் போட்ட மூடி. அவள் சத்தம் போட்டுச் சிரித்தாள். சற்று முன் அவ்வளவு அஞ்சிய ஆளைப் பார்த்துச் சிரிக்க முடிந்ததில் அவளுக்கு ஏற்பட்ட நிம்மதி, அந்த அச்சம் இல்லாமல் வந்திருக்காது.

அந்தச் சிரிப்புக்குச் சற்று முன்புதான் முதலையின் கதை வந்திருந்தது. பீட்டர் வெட்டி எறிந்த கையைத் தின்று ருசி கண்டதால், மிச்சத்தையும் தின்பதற்காகக் கடல் கடலாக, தீவு தீவாக ஹூக்கைப் பின்தொடரும் முதலை. நல்லவேளையாக அது ஒரு கடிகாரத்தையும் விழுங்கியிருப்பதால், 'டிக் டிக்' ஓசை கேட்டதும் ஹூக் ஓடிவிடுகிறான்.

"அப்பா, அந்தக் கடிகாரம் ஒருநாள் நின்னுபோச்சுன்னா?" என்று கேட்டாள்.

அடுத்த வரியில் ஸ்மீ ஏறக்குறைய அதைத்தான் சொல்கிறான். ஹூக்கும் உலர்ந்த உதடுகளை நனைத்துக்கொண்டு, தன்னை வாட்டும் அச்சமே அதுதான் என்கிறான். கதையின் மிக ஆழமான முடிச்சை ஒரு சிறுமி தானாகவே தொட்டுவிட்டாள். வளரவே மறுக்கும் ஒரு சிறுவனுக்கு எதிரியாக, நேரம் பின்னால் துரத்திக்கொண்டே வரும் ஒரு பெரியவனை நிறுத்தியிருக்கிறார் பேரி. இதை விளக்கிச் சொல்லும் ஒரு வாக்கியம்கூட நாவலில் கிடையாது. ஒரு முதலையின் வயிற்றுக்குள் ஒரு கடிகாரத்தை வைத்தார், அவ்வளவுதான்.

ஹூக்கை வெறும் கொடியவனாகவும் அவர் விட்டுவிடவில்லை. கரிய மெழுகுவர்த்திகளைப் போலத் தொங்கும் சுருள்முடி, நீலப் பூக்களைப் போன்ற கண்கள், இரண்டு சுருட்டுகளை ஒரே நேரத்தில் புகைப்பதற்கு அவனே செய்துகொண்ட ஒரு பிடி, அரசர் இரண்டாம் சார்லஸை நினைவூட்டும் உடை என்று அவன் ஓர் ஓவியனுக்காகவே எழுதப்பட்டவன். பதினான்காம் அத்தியாயத்தில், வெற்றியின் உச்சியில், அவன் கப்பல் தளத்தில் தனியாக உலாவுகிறான். உயர்ந்த பள்ளியில் படித்தவன் என்பதால், தன் நடத்தை பண்பானதுதானா என்ற கேள்வி அவனை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருக்கிறது. குழந்தைகள் யாரும் தன்னை நேசிப்பதில்லை என்று வருந்துகிறான். அங்கே தையல் இயந்திரத்தில் துணி தைத்துக்கொண்டிருக்கும் ஸ்மீயோ, குழந்தைகள் எல்லாரும் தன்னைப் பார்த்து நடுங்குவதாக நம்புகிறான். உண்மையில் கட்டிப்போடப்பட்ட சிறுவர்கள் எல்லாருக்கும் அவனைப் பிடித்துவிட்டது. ஸ்மீயிடம் தன்னை அறியாமலே இருக்கும் பண்பு தன்னிடம் முயன்றும் இல்லை என்று ஹூக்குக்குத் தோன்றும் கணத்தில், அவனைக் கொக்கியால் கிழித்துவிடக் கை எழுகிறது. பண்பானவன் என்பதற்காக ஒருவனைக் கொல்வது பண்பாகுமா என்ற எண்ணம் வந்து அந்தக் கையைத் தடுக்கிறது. சிறுவர்களுக்கான நாவல் ஒன்றில் வில்லனுக்கு இவ்வளவு உள்மனம் கொடுத்த பக்கங்கள் அபூர்வம்.

இதையெல்லாம் இழந்துவிடும் படங்களும் உண்டு. 1921இல் மேபல் லூசி அட்வெல் வரைந்த பதிப்பு பெரும் புகழ் பெற்றது. கொழுகொழுவென்ற முழங்காலும் சிவந்த கன்னமுமாக அவருடைய குழந்தைகள் பார்க்க இனிமையானவர்கள்தான். ஆனால் அவர்களுக்கு எந்தத் தீங்கும் நேராது என்று முதல் பார்வையிலேயே தெரிந்துவிடுகிறது. அப்படித் தெரிந்த பிறகு பலகையும் வாளும் எதற்கு? டிஸ்னி படத்தில் ஹூக்கின் கொக்கி இடது கைக்கு மாறியது. அது பெரிய குறை அன்று. முதலையின் வாயிலிருந்து தாவித் தாவித் தப்பும் கோமாளியாக அவன் ஆனதுதான் எனக்குக் குறை. அந்தப் படத்தில் இசையும் வண்ணமும் மனத்தை அள்ளுகின்றன. ஹூக்கைப் பார்த்து எந்தக் குழந்தையும் அம்மாவின் கையைத் தேடாது.

மூல நூலிலும் நான் ஏற்றுக்கொள்ள முடியாத பகுதி ஒன்று இருக்கிறது. தீவில் வாழும் பழங்குடியினருக்குப் பேரி வைத்த பெயரும், அவர்கள் வாயில் போட்ட கொச்சைப் பேச்சும், பீட்டரின் முன்னே அவர்களை மண்டியிடவைத்த காட்சியும் அன்றைய ஆங்கிலேய ஆதிக்க மனத்தின் நேர்விளைவுகள். கொள்ளையருக்கு அவ்வளவு நுட்பமான மனத்தைக் கொடுத்த அதே எழுத்தாளர், இவர்களை மனிதராகவே பார்க்கவில்லை. மகளிடம் அந்தப் பக்கங்களை அப்படியே சொல்லிவிட்டு, அன்று ஆண்டவர்கள் ஆளப்பட்டவர்களைப் பற்றி இப்படித்தான் கதை கட்டினார்கள் என்பதையும் சொன்னேன். அவளுக்கு அது புரியாமல் இல்லை. அச்சத்தை மறைக்காத ஒரு நூலைப் படிக்கும்போது, அதன் அநியாயத்தை மட்டும் மறைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கடைசிச் சண்டை பதினைந்தாம் அத்தியாயத்தில் வருகிறது. பீட்டர் முதலையின் டிக் டிக் ஓசையைத் தன் வாயால் எழுப்பிக்கொண்டே கப்பலேறுகிறான். ஹூக் தளத்தில் சுருண்டு ஒடுங்க, கொள்ளையர்கள் அவனைச் சூழ்ந்து மறைக்கிறார்கள். சண்டையின் முடிவில் அவன் கடலுக்குள் விழும் இடத்தில் முதலை காத்திருக்கிறது. அவனுக்கு அது தெரியாது. கடிகாரம் ஓடி ஓய்ந்துவிட்டது. அதை வேண்டுமென்றேதான் நிறுத்தினோம், கடைசி நேரத்தில் அவனுக்கு நாம் காட்டும் சிறு மரியாதை அது என்று கதைசொல்லி இடையில் வந்து சொல்கிறார். மேடையில் சாகும்போது ஹூக்கின் வாயில் வருவது அவன் படித்த ஈட்டன் பள்ளியின் முழக்கம். பீட்டருக்கோ இந்த எதிரி மனத்தில் தங்கவே இல்லை. அடுத்த ஆண்டு, அவனோடு தீவுக்கு வந்திருந்த சிறுமி வெண்டி ஹூக்கைப் பற்றிப் பேச்செடுத்தால், "யார் அது?" என்கிறான், கொன்ற பிறகு அவர்களை மறந்துவிடுவேன் என்று சாதாரணமாகச் சொல்கிறான்.

பேரி மறக்கவில்லை. ஹூக் ஈட்டனின் மகத்தான மாணவன்தான், ஆனால் நல்ல மாணவன் அல்லன் என்ற கூற்றை மறுத்துக்காட்டும்படி, பேய்க்கதைகளால் புகழ்பெற்றவரும் அப்போது ஈட்டனின் தலைவராக இருந்தவருமான எம். ஆர். ஜேம்ஸ் அவரை அழைத்தார். 1927இல், 67 வயதில், பேரி அந்தப் பள்ளிக்கே போய் மாணவர்களின் முன்னே தன் கொள்ளையனுக்காக வாதாடினார். ஹூக் ஓர் இரவில் ரகசியமாக ஈட்டனுக்குத் திரும்பி வந்து, தான் அங்கே படித்ததற்கான தடயங்களையெல்லாம் அழித்துவிட்டுப் போனான் என்றும், தன் பெயரால் பள்ளிக்குக் களங்கம் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்தான் என்றும் அவர் அங்கே சொன்னார்.